கண்டார் நெஞ்சில் வாழும் கூத்து

செல்வம் வருவதையும் போவதையும் விளக்கப் புகுந்த திருவள்ளுவர், கூத்தாடும் அவையை அதற்கு உவமையாகக் காட்டினார். கூத்து நிகழும் இடத்திற்கு மக்கள் சிறிது சிறிதாக வந்து கூடுவர். கூத்து முடிந்ததும் ஒருங்கே கலைந்து செல்வர். செல்வமும் அத்தகையதே என்பது அவர் கருத்து. செல்வத்தின் நிலையாமையை உணர்த்த வந்த அவ்வுவமை, கூத்தின் இயல்பையும் நன்கு உணர்த்துகின்றது. கோயில் கல்லில் நிற்கும்; காவியம் ஏட்டில் நிற்கும்; ஓவியம் சுவரில் நிற்கும். கூத்தோ விடியும்போது மறைந்துவிடும். இரவெல்லாம் அரசரும் வீரரும் ஆடிய களம் காலையில் வெறுந்தரையாகக் கிடக்கும். அங்ஙனமாயின், கூத்து எங்கே நிலைபெறுகின்றது? கண்டவர் நெஞ்சிலேதான்.

செங்கற்பட்டைச் சூழ்ந்த ஏரிக்கரைச் சிற்றூர்களிலும், மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரை ஊர்களிலும் வாழும் முதியோரிடம் இவ்வுண்மையைக் காணலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் கண்ட கூத்தினை அவர்கள் நேற்றுக் கண்டதுபோல் எடுத்துரைப்பர். எந்தத் திருவிழாவில் அக்கூத்து நடந்தது, யார் எந்த வேடம் கட்டினார், எவ்விடத்தில் அவர் குரல் தழுதழுத்தது, எவ்விடத்தில் கூட்டம் கண்ணீர் விட்டது என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். அன்று காலையில் உண்டது மறந்திருக்கலாம். இளமையில் கண்ட கர்ணன் மறப்பதில்லை.

தொண்டை நாட்டில் வழங்கும் இக்கலைக்குத் தெருக்கூத்து, கட்டைக்கூத்து என இரு பெயர்கள் உண்டு. மேடையும் மண்டபமும் இன்றித் தெருவிலும் திடலிலும் ஆடப்படுவதால் தெருக்கூத்து எனப்பட்டது. அரசர், வீரர் முதலிய வேடங்கள் அணியும் மர அணிகலன்களுக்குக் 'கட்டை' என்று பெயர். அவற்றை அணிந்து ஆடுவதால் கட்டைக்கூத்து எனவும் பட்டது. இப்பிற்பெயராலேயே தம் கலை வழங்கல் வேண்டும் என்று கூத்துக் கலைஞருள் ஒரு சாரார் விரும்புவர். பெயர் எதுவாயினும், பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒன்றிய இசை நாடகமே இது. ஆடுபவரே பாடவும் வேண்டும். பாடுபவரே பேசவும் வேண்டும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் கூத்து கிழக்கு வெளுக்கும்வரை நடைபெறும். அவ்வளவு நேரமும் ஒலிபெருக்கியின்றி ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பாடிய கலைஞர் முற்காலத்தில் ஊர்தோறும் இருந்தனர்.

இக்கூத்தின் கதைகளுட் பெரும்பாலன பாரதக் கதைகள். தொண்டை நாட்டிற்கும் பாரதத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரில் பல்லவர் செப்பேடு ஒன்று கிடைத்தது. அது 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென அளிக்கப்பட்ட பங்கினை அச்செப்பேடு குறிக்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் ஓரிடத்தில் கூடியிருந்து பாரதம் கேட்டனர் என்பதற்கு இது சான்றாகும். இப்பரமேசுவரவர்மனுக்கு முன்னோனாகிய மகேந்திரவர்மனோ தானே நாடக ஆசிரியனாய் விளங்கி, 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். அந்நாடகம் நிகழும் களமும் காஞ்சி மாநகரமே ஆகும்.

மாமல்லபுரத்துக் கற்களும் பாரதத்தையே பேசுகின்றன. அங்குள்ள ஒற்றைக்கல் தேர்கள் ஐந்தினைத் தருமராசன் தேர், வீமன் தேர், அருச்சுனன் தேர், நகுல சகாதேவர் தேர், திரௌபதி தேர் என மக்கள் வழங்குகின்றனர். இப்பெயர்கள் பல்லவர் இட்டவை அல்ல. பிற்காலத்து மக்கள் இட்டவையே. திரௌபதி தேர் எனப்படும் சிறு கோயிலினுள் இருப்பவள் கொற்றவை. இருந்தும், பாரதக் கதையில் தோய்ந்திருந்த மக்கள் தம் உள்ளத்தில் இருந்த பெயர்களையே அக்கற்களுக்குச் சூட்டினர். அருகே 90 அடியினும் மிக்க நீளமும் 40 அடியினும் மிக்க உயரமும் உடைய பெரும் பாறைச் சிற்பம் உள்ளது. அதில் ஒருவன் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிகின்றான். அவன் எதிரே சிவபெருமான் வரமளிக்க நிற்கின்றார். இது பகீரதன் தவம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். ஊர் மக்களுக்கோ அது அருச்சுனன் தபசு. அவர்கள் அங்ஙனம் துணிந்து கூறுவதற்குக் காரணம் உண்டு. அருச்சுனன் தவம் செய்வதை அவர்கள் திருவிழாதோறும் நேரில் கண்டவர்கள் அல்லரோ!

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறும். அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் பங்குனி முதல் ஆடிவரையுள்ள மாதங்களே இதற்குரிய காலம். பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு நிகழும். வில்லிபுத்தூரார் பாரதப் பாடல்களைப் பாடி, அவற்றின் பொருளைச் சொற்பொழிவாளர் எளிய நடையில் விரித்துரைப்பார். இரவில் அக்கதையே கூத்தாக ஆடப்படும். பகலிற் செவியால் கேட்டதை இரவிற் கண்ணால் காண்பது இதன் சிறப்பு. வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், பகடைத் துகில், அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனக் கூத்துகள் நாள்தோறும் தொடர்ந்து வரும். எழுத்தறியாதாரும் பாரதம் முழுமையும் அறிந்திருந்தமைக்கு இத்திருவிழாவே காரணம்.

கூத்து நடக்கும் நாளில் ஊரே வேறொரு தோற்றம் கொள்ளும். மாலையிலேயே சிறுவர்கள் பாயும் சாக்கும் கொண்டுபோய்க் களத்தின் முன்னே இடம் பிடிப்பர். அண்டை ஊர்களிலிருந்து மக்கள் வரப்பின்மேலும் மணற்பாதையிலும் நடந்து வருவர். முற்காலத்தில் தீவட்டி ஒளியில் கூத்து நடந்தது. பின்னர்க் காஸ் விளக்கு வந்தது. அதன்பின் மின்விளக்கு வந்தது. தீவட்டியின் அசையும் ஒளியில் வேடங்களின் நிழல் பனைமர உயரத்திற்கு எழுந்து ஆடியதை முதியோர் வியந்து கூறுவர்.

களத்திற்குச் சற்று அப்பால், ஓலைத் தடுப்பினுள் கூத்தர் வேடம் கட்டுவர். முகத்தில் வண்ணம் தீட்டுவதற்கே நெடுநேரம் ஆகும். பின்னர்க் கட்டைகளைப் பூட்டுவர். தலையில் கிரீடம், தோளில் புசக்கட்டை, மார்பில் பதக்கம், செவிப்புறத்தில் கன்னக்கட்டை என அவை பலவாகும். பாரம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் அவற்றைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதிப்பர். விளக்கொளி பட்டதும் அக்கண்ணாடித் துண்டுகள் மணிகள்போல் மின்னும். பகலெல்லாம் ஏர் பிடித்த உழவனும் கூலி வேலை செய்த ஏழையும் அவற்றை அணிந்ததும் அத்தினபுரத்து அரசராகிவிடுவர்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை, அகலம் ஏழு கோலும் நீளம் எட்டுக் கோலும் உயரம் ஒரு கோலும் உடைய அரங்கினையும், மூவகைத் திரைகளையும் கூறுகின்றது. கூத்துக் களத்தில் அத்தகைய அரங்கு இல்லை. மண்தரையே அரங்கு, இருவர் இரு முனையைப் பிடித்து நிற்கும் துணியே திரை. பின்புறத்தில் மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை என்னும் கருவிகளுடன் இசைப்போர் அமர்ந்திருப்பர். முகவீணை என்பது நாகசுரத்தை ஒத்த சிறு குழல். அதன் கூரிய ஒலி நள்ளிரவில் நெடுந்தொலைவு கேட்கும். முதலில் மேளக்கட்டு முழங்கும். உறங்கத் தொடங்கிய அயலூராரும் அவ்வொலி கேட்டு எழுந்து வருவர்.

கடவுள் வணக்கம் முடிந்ததும் கட்டியக்காரன் வருவான். அவனே அரசனுக்கு ஏவலாள். அவையோருக்கு விளக்கம் சொல்பவன். எல்லாரையும் நகைக்கச் செய்பவன். துரியோதனனாயினும் தருமனாயினும் அவன் கேலிக்குத் தப்ப இயலாது. ஊரிலுள்ள கஞ்சனையும் வீண்பெருமை பேசுவோனையும் பெயர் சொல்லாமலே அவன் இடித்துரைப்பான். உரியவர் தலைகுனிந்து சிரிப்பர். அவன் அழைக்க, திரைக்குப் பின்னே பெருவேடம் வந்து நிற்கும். கிரீடத்தின் உச்சியும் சதங்கை கட்டிய கால்களுமே வெளியே தெரியும். திரைக்குள் நின்றவாறே அவ்வேடம் தன் பெருமையைப் பாடும். பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். சிறுவர்கள் மூச்சடக்கிக் காத்திருப்பர். திரை விலகும், மத்தளம் அதிரும், விரிந்த உடை காற்றில் சுழல, வேடம் களத்தைச் சுற்றிவரும். அந்த ஒரு கணமே சிறுவர் பலருக்கு வாழ்நாள் நினைவாக நின்றுவிடுவதுண்டு.

ஒவ்வொரு கூத்திலும் மக்கள் மறவாத இடம் ஒன்று உண்டு. பகடைத் துகிலில் துச்சாதனன் திரௌபதியின் ஆடையைப் பற்றும் இடம் அத்தகையது. அவ்விடம் வந்ததும் கூத்து சற்று நிற்கும். கற்பூரம் ஏற்றப்படும். துச்சாதன வேடம் கட்டியவர் அம்மனை வணங்கி, தாம் செய்வது கதைக்காகவே என மன்னிப்பு வேண்டுவார். அதன் பின்னரே ஆட்டம் தொடரும். ஒருவன் பிறர்க்கு இழைக்கும் மானக்கேட்டை நடிப்பிலும் எளிதாகக் கொள்ளலாகாது என்னும் பாடத்தை, அங்கு அமர்ந்திருக்கும் சிறுவர் எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்வர்.

அருச்சுனன் தபசு ஆடும் நாளில் களத்தில் உயர்ந்த கம்பம் ஒன்று நடப்படும். அதுவே தபசு மரம். அருச்சுனன் வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே அதன்மீது படிப்படியாக ஏறுவார். உச்சியில் நின்று சிவபெருமானை நோக்கிப் பாடி, பூவும் எலுமிச்சம்பழமும் திருநீறும் கீழே வீசுவார். பிள்ளைப்பேறு வேண்டும் மகளிர் மடியேந்தி நின்று அவற்றைப் பெறுவர். மாமல்லபுரத்துப் பாறையில் தவசி வாய் பேசாது நிற்கின்றான். கூத்துக் களத்திலோ அவன் விண்மீன்களுக்கு நடுவே நின்று பாடுகின்றான். கல்லில் உள்ளவனை எப்போதும் காணலாம். கம்பத்தின்மேல் உள்ளவனை அந்த இரவில் மட்டுமே காணலாம். அதனாலேயே அந்த இரவு நெஞ்சில் ஆழப் பதிகின்றது.

கர்ண மோட்சம் இவற்றினும் உருக்கமானது. போருக்குப் புறப்படும் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியை மக்கள் விரும்பிக் காண்பர். இறந்தவர்க்குச் செய்யும் கருமாதியை ஒட்டியும் இக்கூத்தினை ஆடுவிக்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. தந்தையை இழந்த மகன் களத்தின் முன்னே அமர்ந்திருப்பான். கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கைகளை உடைய கர்ணன் களத்தில் வீழ்வான். அப்போது மகன் அழுவது கர்ணனுக்காகவோ தந்தைக்காகவோ என்பதை யார் பிரித்தறிய இயலும்? தனியே தாங்க இயலாத துயரை ஊரார் நடுவே அமர்ந்து இறக்கிவைக்க இக்கூத்து அவனுக்கு இடம் தருகின்றது. பின்னாளில் அம்மகன் தந்தையை நினைக்கும்போதெல்லாம் கர்ணனையும் நினைப்பான்.

திருவிழாவின் இறுதி நாளில் படுகளம் நிகழும். துரியோதனன் உருவத்தை மண்ணாற் பெரிதாகச் செய்து திடலிற் கிடத்துவர். வீமன் அவன் தொடையைப் பிளப்பான். திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி நடைபெறும். மறுநாள் ஊர் பழைய நிலைக்குத் திரும்பும்.

கண்டவர் நெஞ்சில் நின்ற நாடகம் அங்கேயே அடங்கிவிடுவதில்லை. மற்றொரு நாடகத்திற்கு விதையாவதும் உண்டு. இதற்குத் தக்க சான்று பம்மல் சம்பந்த முதலியார் வரலாறு. அவர் பெயரில் உள்ள பம்மல், செங்கற்பட்டு மாவட்டத்தில் பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். 1873 இல் பிறந்த அவருக்கு இளமையில் தமிழ் நாடகங்களின்மீது விருப்பம் இருந்ததில்லை. 1891 இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. அவற்றைக் கண்ட சம்பந்தனாரின் உள்ளம் மாறியது. கற்றவர்கள் கூடி இத்துணைச் சிறப்பாக நடிக்கும்போது, தமிழில் ஏன் அவ்வாறு செய்தல் ஆகாது என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவாறே பல நாடகங்களை எழுதி நடித்தார். முதுமையில் தம் அனுபவங்களை 'நாடக மேடை நினைவுகள்' என்னும் பெயரில் பல பாகங்களாக எழுதி வைத்தார். 1964 இல் அவர் மறைந்தார். பதினெட்டாம் வயதில் கண்ட நாடகக் காட்சிகள் ஒருவர் வாழ்வையும் தமிழ் நாடக வரலாற்றையும் மாற்றின என்பதை இதனால் அறியலாம்.

சம்பந்தனார் போன்றோர் மேடை ஏறியதால் நகரத்தில் நடிகர்க்கு மதிப்பு உயர்ந்தது. சிற்றூர்க் கூத்தருக்கோ அம்மதிப்பு எளிதில் கிட்டவில்லை. தில்லையில் ஆடும் இறைவனைக் கூத்தப்பெருமான் என்று போற்றும் நாட்டில், கூத்தாடி என்னும் சொல் வசைச்சொல்லாக வழங்கியது வருந்தத்தக்கது. இரவில் அரசனாக வணங்கப்பட்டவர், பொழுது விடிந்ததும் குறைந்த கூலிக்குக் கைகட்டி நிற்க நேர்ந்தது. திரைப்படமும் தொலைக்காட்சியும் பரவியபின் அக்கூலியும் அரிதாயிற்று. பல ஊர்களில் கூத்து நாள்கள் சுருங்கின. தந்தை கட்டிய வேடத்தை மகன் கட்டாது வேறு தொழில் நாடிச் சென்றான்.

ஆயினும் இக்கலை அழிந்துபோகவில்லை. 1990 இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. கூத்துக் கலைஞர் பெ. இராசகோபாலும், ஒல்லாந்து நாட்டிலிருந்து இக்கலையை ஆராய வந்த ஆன்னே டி புருயினும் அதற்காக உழைத்தனர். 2002 இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில் 2020 வரை நடைபெற்றது. அங்குப் பள்ளிக் கல்வியோடு கூத்தும் கற்பிக்கப்பட்டது. ஆடவரே பெண்வேடமும் கட்டிவந்த இக்கலையில், சிறுமியரும் கட்டை அணிந்து அரசராகவும் வீரராகவும் ஆடப் பயின்றனர். குருகுலம் மூடப்பட்டதாயினும், அங்குப் பயின்றோர் கற்ற கலை அவர்களை விட்டு நீங்கவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றை அடுத்த புரிசை என்னும் சிற்றூர், தலைமுறை தலைமுறையாகக் கூத்தினைப் போற்றிவரும் ஊர். அவ்வூர்க் கண்ணப்பத் தம்பிரான் 2003 இல் மறையும்வரை இக்கலைக்கு உழைத்தார். அவர் மைந்தர் சம்பந்தன், பிரான்சு நாட்டு நாடகக் குழு ஒன்றின் நடிகர்க்கு இக்கூத்தினைக் கற்பித்தார். அக்குழு 2016 இல் பாரிசில் அரங்கேற்றிய நாடகத்தில் திரௌபதி துகிலும் கர்ணன் முடிவும் தெருக்கூத்தாகவே இடம்பெற்றன. மறு ஆண்டு அந்நாடகம் நியூயார்க்கு நகரிலும் நடிக்கப்பட்டது. மொழி அறியாத மக்கள் மத்தள ஒலிக்கு மயங்கி அமர்ந்திருந்தனர். தொண்டை நாட்டுக் களத்துமேட்டில் விளைந்த கலை கடல் கடந்து சென்று பெருமை பெற்றது.

இக்காலத்தில் கூத்தினைப் படமெடுத்து வைக்கக் கருவிகள் பல உள. அவை நற்பணியே புரிகின்றன. எனினும், படத்தில் உள்ள கர்ணன் பார்ப்பவரைப் பார்ப்பதில்லை. களத்தில் உள்ள கர்ணன் பார்க்கின்றான். கூட்டம் கண்ணீர் விட்டால் அவன் குரல் மேலும் உருகும். கூட்டம் சிரித்தால் கட்டியக்காரனின் நா மேலும் கூர்மை பெறும். ஆடுவோரும் காண்போரும் சேர்ந்தே கூத்தினை ஆக்குகின்றனர். காண்போர் இல்லையேல் கூத்து இல்லை. ஆதலின், கூத்தினைக் காப்பது கூத்தர் கடமை மட்டுமன்று. காண்போர் கடமையும் ஆகும்.

ஒரு தலைமுறை கண்டு மகிழ்ந்த கூத்தினை அடுத்த தலைமுறையும் காணல் வேண்டும். முதியோர் தம் நினைவுகளைச் சொல்லும்போது இளையோர் செவிசாய்த்தல் வேண்டும். செவிசாய்ப்பதோடு நில்லாது, அடுத்த திருவிழாவில் பாயை எடுத்துக்கொண்டு சென்று களத்தின் முன்னே அமர்தல் வேண்டும். விடியும்வரை விழித்திருந்து காணும் ஓர் இரவு வாழ்நாள் முழுதும் உடன்வரும். பொழுது புலர்ந்ததும் கூட்டம் கலையும் என்று வள்ளுவர் காட்டிய உவமை உண்மையே. ஆனால், கலைந்து செல்லும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கூத்து உடன் செல்கின்றது.